றிவர்ஸ்டன் மலைக்குப் பிள்ளைகளுடன்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டையைத் தாண்டி இலுக்கும்புறைக்குச் செல்லும் மலைப்பாதையில், பாடசாலை விடுமுறை தொடங்கியதும் வான் வண்டிகள் வரிசையாக ஏறுவதைக் காணலாம். அவற்றுட் பல நாடிச் செல்லும் இடம் றிவர்ஸ்டன். அங்கே ஊஞ்சலும் இல்லை, சறுக்குமரமும் இல்லை. காற்றோடு மல்லுக்கட்டவும், பாறை விளிம்பில் நின்று படம் பிடிக்கவும் இளைஞர் கூட்டம் ஏறும் மலை அது. அத்தகைய இடத்துக்குச் சிறுபிள்ளைகளை அழைத்துச் செல்லலாமா?

செல்லலாம். ஆயின், பெரியோர் தமக்கென வகுத்த பயணத்தில் பிள்ளைகளையும் ஏற்றிக்கொள்வது வேறு. பிள்ளையின் காலையும் கண்ணையும் அளவாகக் கொண்டு பயணத்தை வகுப்பது வேறு. முன்னையது பெரும்பாலும் அழுகையிலேயே முடிகிறது.

முதலில் குளிரைக் கருதுக. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை குறையும். இரத்தோட்டைக் கடைத்தெருவில் வியர்வை துடைத்த குடும்பம், கணவாயில் வண்டியை விட்டு இறங்கியதும் நடுங்குகிறது. தந்தைக்கு இன்பமாக இருக்கும் அதே காற்று, நான்கு வயதுக் குழந்தையை வாட்டிவிடும். ஏனெனில், குழந்தையின் உடற்பருமனோடு ஒப்பிடத் தோலின் பரப்பு அதிகம். ஆதலின் உடற்சூடு விரைவாக வெளியேறுகிறது. காதை மூடும் தொப்பியும், மாற்றுடை ஒன்றும், காற்றுப் புகாத மேற்சட்டையும் இல்லாமல் ஏறுவது தவறு.

விடுமுறைக் காலமும் மலையின் காலமும் ஒத்துவருவதில்லை. ஆவணியை ஒட்டிய விடுமுறையில் தென்மேற்குக் காற்று கணவாயில் சீறும். மார்கழியில் வடகீழ்ப் பருவமழை வந்துவிடும். சித்திரையில் காலைப்பொழுது தெளிவாக இருந்தாலும், பிற்பகலில் இடியும் மழையும் எழுவது வழக்கம். விடிந்ததும் புறப்பட்டு, நண்பகல் கழியுமுன் இறங்கத் தொடங்குவதே தக்கது. 2025 நவம்பரில் டித்வா புயல் மாத்தளை உள்ளிட்ட மலைநாட்டு மாவட்டங்களிற் பெரும் மண்சரிவுகளை உண்டாக்கியது. அதன் பின்னர், பாதையின் நிலையை இரத்தோட்டையில் விசாரித்த பின்னரே மேலே ஏறவேண்டும்.

இம்மலைத்தொடர் தூரத்திலிருந்து பார்ப்பவர்க்குப் பொத்திய கையின் விரற்கணுக்கள் போலத் தோன்றும். அதனாலேயே ஆங்கிலேயர் இதற்கு நக்கிள்ஸ் என்று பெயரிட்டனர். தம் கையைப் பொத்திப் பார்க்கும்படி சொன்னால் பிள்ளைகள் இதனை உடனே விளங்கிக்கொள்வர். ஆனால், அடுக்கடுக்கான மலைகளையும் ஆழ்ந்த பள்ளத்தாக்கையும் அவர்கள் பெரியோரைப்போல் நின்று ரசிப்பதில்லை. "பார், எவ்வளவு அழகு!" என்று எத்தனை முறை சொன்னாலும் குழந்தையின் கண் காலடியிலுள்ள கூழாங்கல்லையே தேடும். இதனைக் குறையாகக் கொள்ளலாகாது. இம்மலையின் சிறப்புகளிற் பல காலடியில்தான் கிடக்கின்றன.

கணவாயைக் கடந்து இறங்கினால் வருவது பிட்டவல பத்தன என்னும் புல்வெளி. பாறையின்மேல் மண் மிக மெல்லியதாகப் படர்ந்திருப்பதால் அங்கே பெருமரங்கள் வேரூன்ற இயலாது. நீர் கசியும் பாறைகளில் ஒருவகைத் தவளை வாழ்கிறது. அது உலகில் இந்த மலைத்தொடரையன்றி வேறெங்கும் இல்லாதது. அதன் தலைப்பிரட்டைகள் குட்டையில் நீந்துவதில்லை. ஈரப்பாறையின் மேற்பரப்பில் ஒட்டி ஊர்கின்றன! மூக்கு நுனியில் இலைபோன்ற மடலுள்ள ஓணான் ஒன்றும் இம்மலைக்காடுகளில் உண்டு. அதுவும் இவ்விடத்துக்கே உரியது. இவற்றைத் தேடும் பிள்ளைக்கு ஒரு மணி நேரம் போவதே தெரியாது. தொடக்கூடாது, பிடித்துப் போத்தலில் அடைக்கக்கூடாது என்பதை வண்டியில் ஏறுமுன்னரே சொல்லிவைத்தல் வேண்டும். 2010 இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி இது.

புல்வெளியின் முடிவில் 'சிறிய உலக முடிவு' எனப்படும் செங்குத்துச் சரிவு இருக்கிறது. பெரியோர் பலர் வருவது அதற்காகவே. ஓடித்திரியும் வயதுப் பிள்ளையுடன் வந்தவர்கள் அவ்விளிம்பை விட்டுவிடுவதே அறிவுடைமை. பெற்றோர் இருவரும் ஒருங்கே சென்று படம் எடுப்பது கூடவே கூடாது. ஒருவர் சென்று பார்த்துவர, மற்றவர் பிள்ளைகளுடன் தொலைவில் இருக்கலாம். இந்தச் சிறு ஏற்பாட்டை வீட்டிலேயே பேசி முடிக்காதவர்கள், அங்கே விளிம்பருகே நின்று விவாதிக்கிறார்கள்.

அட்டைக்கடியைக் கண்டு பிள்ளை அலறினால், தாயார் அலறாதிருந்தாற் போதும். அட்டையைப் பிய்த்து இழுக்காது, நகத்தாற் பக்கவாட்டில் நெம்பி எடுக்கலாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருளொன்றை அது தோலிற் செலுத்துவதால், விழுந்த பின்னும் இரத்தம் சற்று நேரம் கசியும்; அழுத்திக் கட்டினால் நின்றுவிடும்.

அருவிகளைப்பற்றி ஒரு சொல். இரத்தோட்டைக்கு அருகிலுள்ள பம்பரகிரி எல்ல தொங்குபாலத்தோடு காண்பதற்கு இனியது. ஆயினும் மலையின் மேற்புறத்திற் பெய்த மழை, கீழே வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும். தண்ணீர் கலங்கத் தொடங்கினால், குளித்தவர்கள் உடனே கரையேறிவிட வேண்டும். பாசி படிந்த பாறையில் நீச்சல் வல்லவரும் வழுக்கி விழுவர்.

வழியில் தேயிலைச் சரிவுகளினூடே தோட்டப் பிள்ளைகள் புத்தகப்பையோடு நடந்து செல்வதைக் காணலாம். ஒருநாள் உலாவுக்கு வந்த பிள்ளை ஏறிக் களைக்கும் மேட்டை அவர்கள் நாள்தோறும் ஏறி இறங்குகிறார்கள். வண்டியிலிருந்து அவர்களைக் காட்சிப்பொருளாகப் படம்பிடிப்பது நாகரிகமன்று.

திரும்பும் வழியில் வளைவுகள் மிகுதி. நிறைந்த வயிற்றோடு இறங்கினால் வாந்தி வரும். இலேசான உணவே போதும். காது அடைக்கிறதென்று குழந்தை சொன்னால் சிறிது நீர் கொடுத்து விழுங்கச் செய்க. கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும்.