வாடகை வீட்டைச் செப்பனிட வட்டிக் கடனா?



பழைய வீடொன்றை விலைக்கு வாங்கி, செப்பனிட்டு, வாடகைக்கு விட்டு வருவாய் ஈட்ட எண்ணுவது தவறன்று. வாடகை, மார்க்கம் அனுமதித்த வருவாயே. ஆனால், கையிருப்பு முழுவதும் கிரயத்திற்கே செலவாகிவிட, ஒழுகும் மேல்தளத்தையும் பழுதடைந்த மின்கம்பிகளையும் மாற்றப் பணமில்லாத நிலையில், பலருடைய பார்வை வங்கிகளின் வீடு புதுப்பிக்கும் கடன் பக்கம் திரும்புகிறது. "வாடகையே தவணையைக் கட்டிவிடும்" என்று தமக்குத் தாமே சமாதானமும் சொல்லிக்கொள்கிறார்கள்.

அந்தக் கணக்கைச் சற்றுப் பாருங்கள். 10 இலட்சம் ரூபாயை 10 சதவீத வட்டியில் 10 ஆண்டுகளுக்குக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 13,215 ரூபாய். கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் 5,85,800 ரூபாயைத் தொட்டிருக்கும். மாத வாடகை 16,000 ரூபாய் எனில், கையில் நிற்பது 2,785 ரூபாய். ஒரே ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடந்தால், ஏறத்தாழ ஐந்து மாத மிச்சம் கரைந்துவிடும். வேலை நடக்கும் நாட்களில் வாடகை வராது; வட்டியோ நிற்காது. வீட்டின் மூலப்பத்திரமும் வங்கியின் பெட்டகத்தில் இருக்கும்.

இது உலகக் கணக்கு. மறுமைக் கணக்கு இதனினும் கடுமையானது. அல்பகரா அத்தியாயத்தின் 275ஆவது வசனம் வணிகத்தை ஆகுமாக்கி, வட்டியைத் தடை செய்கிறது. "நான் வட்டி வாங்கவில்லை, கொடுக்கத்தானே செய்கிறேன்" என்று தப்பிக்கவும் வழியில்லை. வாங்குபவர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சிகள் ஆகிய அனைவரையும் நபி (ஸல்) அவர்கள் ஒருசேரச் சபித்ததை ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்துள்ளது.

சிலர் வங்கியைத் தவிர்த்து, வீட்டை ஒத்திக்கு விட்டு அத்தொகையில் மராமத்துப் பார்க்கிறார்கள். இதில் வட்டி இல்லையே என்று நினைக்காதீர்கள். ஒத்தித் தொகை திருப்பித் தரவேண்டிய கடனே. கடன் கொடுத்தவர் அதற்காக வாடகையின்றிக் குடியிருக்கிறார். கடனால் விளையும் இந்தப் பயனை வட்டியாகவே ஃபிக்ஹு அறிஞர்களில் பெரும்பாலோர் கருதுகின்றனர்.

அப்படியானால் வழி என்ன? இந்தியாவில் வட்டியில்லா வங்கி முறையைத் தொடர்வதில்லை என்று ரிசர்வ் வங்கி 2017இல் முடிவெடுத்தது. ஆயினும் இருவர் கூட்டுச் சேரத் தடையில்லை. உங்கள் வீடு 30 இலட்சம் மதிப்புடையது. உறவினர் ஒருவர் 10 இலட்சம் இட்டு அதைப் புதுப்பிக்கிறார் என வைத்துக்கொள்ளுங்கள். வீட்டின் நான்கில் ஒரு பங்கு அவருக்குரியதாகிறது. வாடகை 16,000 என்றால் உங்களுக்கு 12,000, அவருக்கு 4,000. பின்னர் அவரது பங்கை அன்றைய மதிப்பில் சிறிது சிறிதாக நீங்கள் வாங்கிக்கொள்ளலாம். பங்கு குறையக் குறைய அவருடைய வாடகையும் குறையும். குறையும் கூட்டு, அதாவது முஷாரகா முதனாகிஸா, என்று இதனைக் கூறுவர்.

இது உண்மையான கூட்டா, வேடமிட்ட வட்டியா என்று அறிய ஓர் உரைகல் உண்டு. வீடு பூட்டிக் கிடக்கும் மாதத்தில் இழப்பைச் சுமப்பவர் யார்? இருவருக்கும் வாடகை இல்லையெனில் அது கூட்டு. "வீட்டில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எனக்கு 4,000 வந்தாக வேண்டும், முதலும் குறையாமல் திரும்ப வேண்டும்" என்றால், பெயர் எதுவாயினும் அது வட்டியே.

கூட்டாளி கிடைக்கவில்லையா? ஒழுகலையும் மின்கம்பியையும் முதலில் சரிசெய்து வாடகைக்கு விடுங்கள். மற்ற வேலைகளை வரும் வாடகையைச் சேர்த்துச் செய்யுங்கள். தாமதமாகும்; ஆனால் நிம்மதி குலையாது. வட்டியில்லாக் கடனோ, கூட்டோ, எதுவாயினும் எழுதிக்கொள்ளுங்கள். கடனை எழுதிக்கொள்ளுமாறு அதே அத்தியாயத்தின் 282ஆவது வசனம் கட்டளையிடுகிறது. வீட்டில் பங்கு கொடுப்பதாயின், வழக்கறிஞரைக் கலந்து முறைப்படி பதிவு செய்யுங்கள். வாய்ச் சொல்லை நம்பிச் சேர்ந்த உறவுகள் பணத்தால் முறிந்ததை நாம் கண்டிருக்கிறோம்.

வட்டியின் வாடையும் படாத வருவாயை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக! ஆமீன்.