ஓய்வுக்கு ஒரு ஏக்கர்

பென்ஷன்தாரர்களின் கனவுத் தோட்டத்துக்குச் சட்டம் வழிவிட்டுவிட்டது. தண்ணீர் இன்னும் வழிவிடவில்லை.

பணி ஓய்வு நாளில் மாலை, சால்வை, கைக்கடிகாரம் எல்லாம் கிடைக்கும். பெங்களூர் தொம்மலூரில் பலருக்கு அது போதாது. ஒரு ஏக்கர் செம்மண் வேண்டும். அதில் பத்துத் தென்னை, நாலு மா, ஓர் ஓட்டு வீடு. அப்பா ஊரில் விற்றுவிட்டு வந்த நிலத்தை மகன் அறுபது வயதில் திரும்ப வாங்கப் பார்க்கிறார்.

வெகுகாலம் குறுக்கே நின்றது சட்டம். கர்நாடக நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் (1961) 79ஏ, 79பி பிரிவுகளின்படி விவசாயி அல்லாதவர்கள் அங்கே விவசாய நிலம் வாங்க முடியாமல் இருந்தது. வெளி வருமானத்துக்கும் வரம்பு இருந்தது. 2 லட்ச ரூபாயாக இருந்தது 2015-ல் 25 லட்சமானது. 2020-ல் அந்தப் பிரிவுகளே நீக்கப்பட்டன. நகரவாசிகள் மகிழ்ந்தார்கள். நிலம் உழுபவன் கையை விட்டுப் போய்விடும் என்று விவசாய சங்கங்கள் தெருவில் இறங்கின.

அதற்கு முன்பும் ஒரு புறவாசல் இருந்தது. தமிழ்நாட்டில் இத்தகைய தடை இல்லை. எனவே எல்லை தாண்டி ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் போனார்கள். அங்கே வேறு விருந்தாளிகள் காத்திருந்தன. ராகி முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டா, ஜவளகிரி காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் வரும். அவை பட்டா, சிட்டா எதையும் பார்ப்பதில்லை.

வாங்குவது ஒரு நாள் வேலை. கட்டிக் காப்பது ஆயுள் வேலை. தென்னை காய்க்க ஐந்தாறு வருடம். ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடி தாண்டியும் புழுதியை மட்டும் கக்குவதுண்டு. நகரத்துக் கட்டட வேலைக் கூலியைத் தோட்டக் கூலி எட்டுவதில்லை. காவலாள் பண்டிகைக்குப் போனால் திரும்பினால்தான் நிச்சயம். திடீரென நெஞ்சு வலித்தால் பெரிய ஆஸ்பத்திரி பல மைல் தள்ளி இருக்கும்.

தாக்குப்பிடிப்பவர்கள் ஆசையைச் சுருக்கிக்கொண்டவர்கள்தாம். தொட்டபள்ளாபுரம் அருகே இயற்கை வேளாண்மை செய்துவந்த எல். நாராயண ரெட்டியிடம் (2019-ல் காலமானார்) நகரத்தார் பலர் பாடம் கேட்கப் போனார்கள். மூடாக்கு, தொழு உரம், கலப்புப் பயிர் என்று செலவில்லாத பாடங்கள். மழையை நம்பி ராகி, ஊடே அவரையும் துவரையும். அது மூட்டை கணக்கில் விளையாவிட்டாலும் வீட்டுச் சாப்பாட்டுக்கு உதவும். லாபம் எதிர்பார்த்தவர்கள் நிலத்தை மறுபடி விற்கத் தரகரைத் தேடுகிறார்கள்.

தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. நஞ்சையும் புஞ்சையும் தானம் தந்த செய்தியை அவை சொல்கின்றன. அந்த வயல்களின் மேல்தான் இன்று வீடுகள். அவற்றின் பால்கனியில் ஈஸிசேர் போட்டு உட்கார்ந்து, 40 கிலோமீட்டர் தள்ளி வயல் தேடுகிறார்கள்.