ஃபுல் ஃபிரேம் பாடி வாங்கும் முன்

டீயைக் குடித்துக்கொண்டே நிதானமாகப் பேசுவோம். பழைய கேமரா வாங்குவதில் அவசரம் கூடவே கூடாது.

என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களின் கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "கேனான் 200டி வெச்சிருக்கேன் அண்ணே. ஃபுல் ஃபிரேம் போகணும். செகண்ட் ஹேண்ட்ல 6டி வாங்கவா, 5டி மார்க் 3 வாங்கவா, இல்ல நிக்கான் டி750க்கே மாறிடவா?" பாடியின் பெயர்கள் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் பையில் இப்போது என்னென்ன லென்ஸ் இருக்கிறது?

அந்த லென்ஸ்களை எடுத்து மூடியைக் கழற்றி, பாடியோடு பொருந்துகிற பக்கத்தைப் பாருங்கள். கேனான் லென்ஸ் என்றால் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும், அல்லது ஒரு வெள்ளைச் சதுரம் இருக்கும். சிவப்புப் புள்ளி இருந்தால் இ.எஃப். லென்ஸ்; 6டியிலும் 5டியிலும் பொருந்தும். வெள்ளைச் சதுரம் மட்டும் இருந்தால் இ.எஃப்.-எஸ்.; கிராப் சென்சாருக்காகச் செய்தது, ஃபுல் ஃபிரேம் டி.எஸ்.எல்.ஆரில் மாட்டவே முடியாது. அதன் பின்பக்கக் கண்ணாடி உள்ளே நீண்டிருக்கும், பெரிய மிரர் எழும்பும்போது இடிக்கும் என்பதால் கேனானே பொருந்தாதபடி செய்திருக்கிறது. கிட்டோடு வந்த 18-55, பிறகு ஆசைப்பட்டு வாங்கிய 55-250 இரண்டுமே இ.எஃப்.-எஸ்.தான். ஆக, 6டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் மாட்டுவதற்கு லென்ஸ் இருக்காது. பாடியின் விலையோடு லென்ஸின் விலையையும் முதலிலேயே சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

நிக்கானில் இந்தத் தடை இல்லை. கிராப் சென்சாருக்கான டி.எக்ஸ். லென்ஸை டி750யில் மாட்டலாம். பாடி தானாகவே சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும். ஆனால் 24 மெகாபிக்சலில் 10தான் கைக்கு வரும். நல்ல லென்ஸ் வாங்கும்வரை சமாளிக்கலாம், அவ்வளவுதான்.

இவ்வளவு செலவு செய்து ஃபுல் ஃபிரேமுக்குப் போனால் உண்மையில் என்ன கிடைக்கிறது? கேனானின் கிராப் சென்சார் ஏறக்குறைய 22.3 மி.மீ. அகலம், 14.9 மி.மீ. உயரம். ஃபுல் ஃபிரேம் 36-க்கு 24. பரப்பளவில் 2.6 மடங்கு. ஒரே தலைமுறையைச் சேர்ந்த இரண்டு சென்சார்களை வைத்துப் பார்த்தால், கிராப்பில் ஐ.எஸ்.ஓ. 2500-ல் தெரிகிற நாய்ஸ் ஃபுல் ஃபிரேமில் கிட்டத்தட்ட 6400-ல்தான் தெரியும். மண்டபத்தில் படம் எடுப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. 'ஒரே தலைமுறை' என்று சொன்னதையும் மறந்துவிடாதீர்கள். 6டியும் 5டி மார்க் 3-ம் 2012-ல் வந்தவை, உங்கள் 200டி 2017-ல் வந்தது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் சென்சார்கள் முன்னேறியிருக்கின்றன. எனவே ஆதாயம் அந்தக் கணக்கைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும்.

இதோடு இன்னொரு கணக்கையும் வைத்துப் பாருங்கள். கிட் லென்ஸை 55-ல் வைத்தால் அதிகபட்சத் திறப்பு எஃப் 5.6. கேனானின் லென்ஸ்களில் விலை மலிவானவற்றுள் ஒன்றான 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதைப்போல ஒன்பது, பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். பாடியை மாற்றினால் இரண்டரை மடங்கு, அந்தச் சின்ன லென்ஸை வாங்கினால் பத்து மடங்கு. "ராத்திரியில எடுக்கிற படமெல்லாம் மண்ணு மாதிரி வருது" என்பது மட்டும்தான் உங்கள் குறை என்றால், 50-ஐ வாங்கி இதே 200டியில் மாட்டி மூன்று மாதம் எடுங்கள். அது இ.எஃப். லென்ஸ், நாளைக்கு ஃபுல் ஃபிரேம் வந்தாலும் கூடவே வரும். இதைச் சொன்னால் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். கடன் வாங்கி பாடி வாங்கிவிட்டு, லென்ஸுக்குப் பணமில்லாமல் நிற்பவர்களை நிறையப் பார்க்கிறேன்.

பறவைப் படம் எடுப்பவர்களுக்கு நான் ஃபுல் ஃபிரேமை அவ்வளவு சுலபமாகப் பரிந்துரைக்க மாட்டேன். 300 மி.மீ. லென்ஸ் கேனான் கிராப்பில் 480 போலக் காட்சி தரும். 6டியில் அது வெறும் 300தான். வேடந்தாங்கலில் தூரத்துக் கிளையில் உட்கார்ந்திருக்கும் நத்தைகுத்தி நாரை சட்டத்துக்குள் சின்னதாகிவிடும். வெட்டி எடுத்து அதே அளவுக்குக் கொண்டுவந்தால், 20 மெகாபிக்சலில் மிஞ்சுவது 8. அவர்கள் கிராப்பிலேயே இருந்துகொண்டு லென்ஸுக்குச் செலவழிப்பது நல்லது.

சரி, லென்ஸ் இருக்கிறது, காரணமும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இனி பாடி.

6டியைப் பற்றிப் பலரும் ஒரு மாதிரி இளக்காரமாகப் பேசுவார்கள். 11 ஃபோகஸ் புள்ளிகள்தான், அதிலும் நடுப்புள்ளி மட்டும்தான் கிராஸ் வகை, ஷட்டர் 1/4000-க்கு மேல் போகாது, ஒரே ஒரு கார்டு ஸ்லாட். எல்லாம் உண்மை. ஆனால் அந்த ஒற்றை நடுப்புள்ளி மைனஸ் 3 இ.வி. வரை, அதாவது நிலா வெளிச்சம் போன்ற மங்கலிலும் ஃபோகஸ் பிடிக்கும். 5டி மார்க் 3-க்கு அது மைனஸ் 2தான். குத்துவிளக்கு வெளிச்சத்தில் பாட்டியின் முகத்தை எடுக்கிறீர்கள் என்றால், 6டி தடுமாறாமல் பிடிக்கும். எடையும் 770 கிராம்தான். நிதானமாக நின்று எடுக்கிற போர்ட்ரெய்ட், கோயில், தெரு, ஊர்ப்பயணம் என்றால் 6டி போதும். விலை குறைவாகக் கிடைப்பதால் மிஞ்சுகிற பணம் லென்ஸாக மாறும்.

காசு வாங்கிக்கொண்டு கல்யாணம் எடுப்பவர் என்றால் கதை வேறு. அங்கே நான் கறாராகச் சொல்வேன்: இரண்டு கார்டு ஸ்லாட் இல்லாத பாடி வேண்டாம். கார்டு எப்போது படுக்கும் என்று யாருக்கும் தெரியாது. படுத்தால் போவது இன்னொருவர் வீட்டு முகூர்த்தம், திருப்பி எடுக்க முடியாது. 5டி மார்க் 3-ல் ஒரு சி.எஃப்., ஒரு எஸ்.டி. என இரண்டு இருக்கின்றன. 61 ஃபோகஸ் புள்ளிகள், அதில் 41 கிராஸ் வகை. மணப்பெண் நடந்து வரும்போது அவர் கண் சட்டத்தின் ஓரத்தில் இருந்தாலும் அங்கேயே புள்ளியை வைத்துப் பிடிக்கலாம். 6டியில் நடுவில் பிடித்துவிட்டுச் சட்டத்தை நகர்த்த வேண்டும், எஃப் 1.8-ல் அப்படி நகர்த்தினால் கண் ஃபோகஸை விட்டுப் போய்விடும். ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள்: இதன் எஸ்.டி. ஸ்லாட் மெதுவானது. இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதச் சொன்னால், தொடர்ந்து எடுக்கும்போது பஃபர் நிறைந்து கேமரா நின்று நின்று போகும்.

2014-ல் வந்த டி750, தனியாகப் பார்த்தால் இந்த மூன்றிலும் எனக்குப் பிடித்தது. இரண்டு எஸ்.டி. ஸ்லாட், 51 புள்ளிகள், மைனஸ் 3 இ.வி., மடங்கும் திரை. எல்லாவற்றுக்கும் மேல், நிழலைத் தூக்கும் வசதி. கோயில் பிரகாரத்தில் தூண்களின் இருட்டும், வெளியே கொளுத்தும் வெயிலும் ஒரே படத்தில் வருகிறதென்று வையுங்கள். வெயிலுக்கு எக்ஸ்போஷர் வைத்து எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் தூணைத் தூக்கினால் டி750 படத்தில் கல்லின் உளிவேலை தெரியும். 5டி மார்க் 3 படத்தை அதே அளவு தூக்கினால் கோடு கோடாக நாய்ஸ் எழும்பும். கேனான் இந்தக் குறையை 2016-ல் வந்த 5டி மார்க் 4-ல்தான் பெருமளவு சரிசெய்தது. அதற்காக நான்கு நல்ல இ.எஃப். லென்ஸ் வைத்திருப்பவர் எல்லாவற்றையும் விற்று நிக்கானுக்குத் தாவ வேண்டியதில்லை. விற்பதிலும் நஷ்டம், வாங்குவதிலும் நஷ்டம். கையில் வெறும் கிட் லென்ஸ் மட்டும் என்றால் தாராளமாகத் தாவலாம், இழக்க எதுவுமில்லை.

நிக்கானில் இரண்டு எச்சரிக்கைகள். 2012-ல் வந்த டி600-ல் சென்சாரில் எண்ணெய்ப் புள்ளிகள் தெறித்த பிரச்சினை பிரசித்தம். மறு வருடமே டி610-ஐ வெளியிட்டார்கள். விலை வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் டி610-ஐயே எடுங்கள். டி750-ல் ஒரு பகுதிக்கு ஷட்டர் கோளாறு என்று நிக்கானே அறிவித்து இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. வாங்கும் பாடியின் சீரியல் எண் அந்தப் பட்டியலில் வருகிறதா, வந்தால் வேலை முடிந்ததா என்று விற்பவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

மிரர்லெஸ்ஸை விட்டுவிட முடியாது. 200டிக்காரருக்கு ஒரு சுலபமான வழி 2019-ல் வந்த கேனான் ஆர்.பி. உங்கள் எல்.பி.-இ17 பேட்டரியே அதற்கும் பொருந்தும். கேனானின் அடாப்டரைப் போட்டால் இ.எஃப். லென்ஸ்கள் முழுதாக வேலை செய்யும், இ.எஃப்.-எஸ். லென்ஸ்கூட மாட்டலாம், சுமார் 10 மெகாபிக்சலில். ஆனால் ஒரே ஸ்லாட், பேட்டரி சீக்கிரம் தீரும். கல்யாணத் தொழிலுக்கு என்றால் சோனி ஏ7 மார்க் 3. கண்ணைத் தேடிப் பிடிக்கும் அதன் ஃபோகஸும், இரண்டு ஸ்லாட்டும், நாள் முழுக்கத் தாங்கும் பேட்டரியும் நிஜமாகவே வேலையைச் சுலபமாக்குகின்றன. அதற்கு முந்திய ஏ7 மார்க் 2-ன் சின்ன பேட்டரியோடு ஒரு ரிசப்ஷனை ஓட்டுவது கஷ்டம்.

இனி, கையில் எடுத்துப் பார்க்கும் விஷயத்துக்கு வருவோம். எல்லோரும் முதலில் கேட்பது ஷட்டர் கவுண்ட். நிக்கான் அதை ஒவ்வொரு படத்தின் தகவலுக்குள்ளும் எழுதிவைக்கும். 6டியிலும் 5டி மார்க் 3-லும் அப்படி இல்லை, கேபிளால் கம்ப்யூட்டரில் இணைத்து அதற்கான சாஃப்ட்வேரில் பார்க்க வேண்டும். 6டியின் ஷட்டருக்கு 1 லட்சம், 5டி மார்க் 3-க்கும் டி750-க்கும் 1.5 லட்சம் என்று கம்பெனிகள் சொல்கின்றன. ஒரு கல்யாணத்துக்கு 2,000 படம் என்றால் 50 கல்யாணத்தில் ஒரு லட்சம் வந்துவிடும். அந்த எண்ணைத் தாண்டினால் உடனே செத்துவிடும் என்று அர்த்தமில்லை, தாண்டாவிட்டால் பிழைக்கும் என்றும் இல்லை.

நான் அந்த எண்ணைவிட அதிகம் நம்புவது கண்ணையும் விரலையும். நம் ஊரில் இந்த பாடிகளில் பல வருடக்கணக்காக வீடியோவுக்கு ஓடியவை. வீடியோ எடுத்தால் ஷட்டர் கவுண்ட் ஏறாது. 20 ஆயிரம் காட்டுகிற பாடி, மணிக்கணக்கில் சென்சார் சூடேறி ஓடியதாக இருக்கலாம். எச்.டி.எம்.ஐ. துளையில் கேபிளைச் செருகி லேசாக ஆட்டுங்கள், தளர்ந்திருந்தால் புரிந்துவிடும். அடித்தட்டில் கிம்பல் தட்டு உரசிய வட்டத் தழும்பு இருக்கிறதா பாருங்கள். ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் கறுப்புப் பெயின்ட் போய் உலோகம் பளபளக்கிறதென்றால் நிறைய மேடை பார்த்த கேமரா. திருகுகளின் தலை சிதைந்திருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். கடற்கரை ஊரிலிருந்து வருகிறது என்றால் அந்தத் திருகுகளில் துருவையும், வியூஃபைண்டருக்குள் சிலந்தி இழை போன்ற ஃபங்கஸையும் தேடுங்கள். 5டி மார்க் 3 என்றால் சி.எஃப். ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு பின் வளைந்திருந்தாலும் வேண்டாம்.

பகலில் போங்கள். உங்கள் கார்டையும், ஏற்கெனவே நம்பகமான ஒரு லென்ஸையும் கொண்டு போங்கள். எஃப் 16-ல் வைத்து வெறும் வானத்தை எடுத்தால் சென்சாரில் இருக்கிற தூசியும் எண்ணெயும் கறுப்புப் புள்ளியாக விழும். 1/4000-ல் வெள்ளைச் சுவரை எடுங்கள். ஒரு ஓரம் கறுத்தால் ஷட்டர் தேய்ந்திருக்கிறது. மூடியைப் போட்டு 30 நொடி எடுத்தால் கெட்ட பிக்சல்கள் நட்சத்திரம் போல மின்னும். நாளிதழைச் சாய்வாக வைத்து, ஒரு வரியில் ஃபோகஸ் செய்து எஃப் 1.8-ல் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நீங்கள் குறிவைத்த வரியே கூர்மையாக இருக்க வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் இந்த மூன்று பாடியிலும் மெனுவில் சரிசெய்துகொள்ளலாம், நிறைய இருந்தால் விட்டுவிடுங்கள். பெட்டியிலும் பில்லிலும் பாடியிலும் சீரியல் எண் ஒன்றாக இருக்க வேண்டும். திருட்டுக் கேமரா உங்கள் தலையில் விழக்கூடாது. விற்பவர் இதற்கெல்லாம் பொறுமை காட்டவில்லை என்றால், எவ்வளவு மலிவானாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

பொழுதுபோக்குக்கு 6டி. கேனான் லென்ஸ் வைத்துக் கல்யாணம் எடுப்பவருக்கு 5டி மார்க் 3. புதிதாகத் தொடங்குபவருக்கு டி750, பணம் எட்டினால் ஏ7 மார்க் 3. எதை வாங்கினாலும், பழைய 200டியை அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள். கிடைக்கிற தொகை சொற்பம்; 85 மி.மீ. லென்ஸை அதில் மாட்டித் தோளில் போட்டுக்கொண்டால், முகூர்த்த நேரத்தில் புதிதாக வாங்கிய பாடி மக்கர் செய்தாலும் உங்களிடம் இன்னொரு கேமரா இருக்கும்.