சுவர் தாண்டாத வைஃபை

வீவக வீட்டில் குடியிருக்கும் பலருக்கும் அந்தக் கோலிக்குண்டுச் சத்தம் தெரியும். நள்ளிரவில் மேல்வீட்டில் யாரோ குண்டை உருட்டி விளையாடுவதுபோல் இருக்கும். அங்கே பிள்ளைகளே இல்லாவிட்டாலும் கேட்கும். குழாய்களில் நீரழுத்தம் மாறுவதால் எழும் ஒலி என்று ஒரு விளக்கம் உண்டு. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பகலில் சுவரைத் துளைக்கிறார்களே, அதுதான் தாங்கவில்லை. வார நாள்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை அதற்கு அனுமதி உண்டு. வானொலிக்காக நான் வீட்டிலிருந்து பேட்டி எடுப்பதும் அதே நேரத்தில்தான்.

சத்தம் சற்றே அடங்கும் ஒரே இடம் பாம் ஷெல்டர். கம்பி கட்டிய தடித்த கான்கிரீட் சுவர், எஃகுக் கதவு. அரிசி மூட்டைக்கும் தீபாவளி விளக்குப் பெட்டிக்கும் நடுவே ஒரு நாற்காலி போட்டால் போதும், ஒலிப்பதிவுக்கூடம் தயார். ஆனால் சத்தத்தை மறிக்கும் சுவர் வைஃபையையும் மறிக்கிறது.

போன மாதம் ஒரு பாட்டியிடம் காணொளி அழைப்பில் பேசினேன். அவருடைய அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1971ல் பிரிட்டிஷ் படைகள் கிளம்பியபோது அப்பா வீட்டுக்கு வந்து என்ன சொன்னார் என்று ஆரம்பித்தார். குரல் தழுதழுத்தது. அந்த நேரம் பார்த்துப் படம் உறைந்து நின்றது. நான்கு நிமிடம் கழித்துத் தொடர்பு கிடைத்தது. மறுபடி கேட்டதற்கு, "அதான் சொன்னேனேம்மா, வேலை போயிடுச்சுன்னாரு" என்று முடித்துவிட்டார்.

இணைய நிறுவனத்தை அழைத்தால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்கிறார்கள். வந்து பார்த்த தொழில்நுட்பர், ரவுட்டர் அருகே வேகம் சரியாக இருப்பதைக் காட்டினார். அவர் சொன்னது உண்மைதான். சிக்கல் வீட்டின் அமைப்பில் இருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 சுவரை ஓரளவு தாண்டும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என்று மூன்றே. என் கைப்பேசியில் தெரியும் அக்கம்பக்கத்து வைஃபை பெயர்களோ பத்தொன்பது! பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் பேசி ஆளுக்கொரு தடமாக மாற்றிக்கொண்டோம். வரவேற்பறை பரவாயில்லை. ஷெல்டருக்கு நீளக் கம்பிதான் வழி. கம்பி போனால் கதவை முழுதாகச் சாத்த முடியாது, சத்தம் உள்ளே வரும்.

அடுத்த வாரம் ஒலிப்பதிவுக் கருவியோடு பாட்டி வீட்டுக்கே போகிறேன். அங்கேயும் மேல்மாடியில் ஓடு மாற்றுகிறார்களாம். வேலையாள்கள் சாப்பிடப் போகும் நேரத்தைப் பாட்டியே விசாரித்து வைத்திருக்கிறார்.