எலும்பைக் கட்டுவது யார்?

புத்தூர் கட்டு நம் எல்லாருக்கும் தெரியும். திருப்பதியிலிருந்து சென்னைக்குப் போகும் வழியில் புத்தூர் இருக்கிறது. கை, கால் முறிந்தவர்கள் பல ஊர்களிலிருந்தும் அங்கே போகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் மாவுக்கட்டுப் போடுகிறார்கள்.

முறிந்த எலும்பை ஒட்ட வைப்பது யார்? கட்டு எலும்பை அசையாமல் பிடித்துக் கொள்கிறது. ஒட்டும் வேலையைச் செய்வது நம் உடம்புதான்.

இரண்டு வகை வேலைக்காரர்கள்

எலும்பு கல்லைப் போன்றது அல்ல. அதற்கு உயிர் உண்டு. அதில் இரண்டு வகைச் செல்கள் வேலை செய்கின்றன. ஒரு வகை, பழைய எலும்பை இடித்துக் கரைக்கும். இன்னொரு வகை, கொத்தனாரைப் போலப் புது எலும்பைக் கட்டும். இந்த வேலை ஆயுள் முழுவதும் நடக்கிறது.

கட்டும் செல்கள் எலும்பில்தான் இருக்கின்றன என்று முன்பு நினைத்தார்கள். 2005இல் அமெரிக்காவில் மேயோ கிளினிக் ஆராய்ச்சியாளர்கள் இவ்வகைச் செல்களை ரத்தத்திலும் கண்டார்கள். வளரும் பையன்களின் ரத்தத்தில் இவை அதிகமாக இருந்தன. எலும்பு முறிந்தவர்களின் ரத்தத்திலும் கூடின.

மாதவிலக்கு நின்ற பிறகு

பெண்களின் உடம்பில் ஈஸ்ட்ரஜன் என்ற சுரப்பு நீர் இருக்கிறது. அது இடிக்கும் செல்களை அடக்கி வைக்கிறது. மாதவிலக்கு நின்றதும் ஈஸ்ட்ரஜன் குறைந்துவிடும். அப்போது இடிப்பது அதிகமாகும். கட்டுவது அதற்கு ஈடு கொடுக்காது. எலும்பு உள்ளே புரையோடி மெலியும். இதுதான் எலும்புப்புரை நோய். டாக்டர்கள் ஆஸ்டியோபோரோசிஸ் என்பார்கள்.

இந்த நோய் வெளியே தெரியாது. வலியும் இருக்காது. ஒரு நாள் வாசலில் வழுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு முறிந்துவிடும். முதுகெலும்பு நசுங்கினால் கூன் விழும், உயரம் குறையும். "வயசாகிவிட்டது, அப்படித்தான்" என்று நாம் விட்டுவிடுகிறோம். அது தவறு.

திருப்பதியில் என்ன கண்டார்கள்?

திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிலையம் இருக்கிறது. சுவிம்ஸ் என்று சொல்வோம். அங்கே டாக்டர் ஹரிநாராயண் குழுவினர் திருப்பதி மக்களையும் சுற்றுக் கிராமத்து மக்களையும் ஆராய்ந்தார்கள். 2007இல் முடிவு வெளிவந்தது. இரு பக்கத்தாரின் சாப்பாட்டிலும் சுண்ணாம்புச் சத்து குறைவு. வைட்டமின் டி கிராமத்தாரைவிட நகரத்தாருக்கு இன்னும் குறைவு. கிராமத்தார் வெயிலில் வேலை செய்கிறார்கள். வெயில் தோலில் படும்போது வைட்டமின் டி உண்டாகிறது. அது இல்லாவிட்டால் சாப்பிட்ட சுண்ணாம்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது.

எந்த நேர வெயில் நல்லது? அதையும் திருப்பதியிலேயே சோதித்தார்கள். காலை 11 மணி முதல் பகல் 2 மணி வரை உள்ள வெயிலில்தான் வைட்டமின் டி அதிகம் உண்டாகிறது.

நாம் என்ன செய்யலாம்?

மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். நம் வீட்டில் மாடு இருக்கிறது. பால் முழுவதும் டிப்போவுக்குப் போகிறது. மிச்சம் பிள்ளைகளுக்கு. அம்மாவுக்கு இல்லை. இது மாற வேண்டும். அம்மாவும் தினமும் பாலோ மோரோ குடிக்க வேண்டும்.

நம் ராகி சங்கடியை விட வேண்டாம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் இது மிகக் குறைவு. கேழ்வரகை முளைகட்டி அரைத்தால் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். கீரை, எள், முள்ளோடு தின்னும் சிறு மீனும் நல்லவை.

தினமும் கொஞ்ச நேரம் முகத்திலும் கையிலும் வெயில் படட்டும். கடும் கோடையில் அதிக நேரம் நிற்க வேண்டாம். தினமும் நடங்கள். வீட்டு வாசலும் குளிக்கும் இடமும் வழுக்காமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

லேசாக விழுந்தே எலும்பு முறிந்தால் கட்டோடு நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் எலும்பின் வலுவைச் சோதிக்கச் சொல்லுங்கள். இதற்கு மருந்து உண்டு. இடுப்பு எலும்பு முறிந்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வீட்டைத் தாங்குபவள் அம்மா. அம்மாவைத் தாங்குவது அவள் எலும்பு. இன்றைக்கு உங்கள் வீட்டில் பால் காய்ச்சும்போது அம்மாவுக்கும் ஒரு டம்ளர் ஊற்றுங்கள்.