ஊசிக்குப் பரிகாரம் ரத்த தானமா?

கசார்வாடி ரெயில் நிலையத்தில் காலை வேளையில் நின்றால், கூட்டத்தின் நடுவே தமிழ்க்குரல் காதில் விழாமல் போகாது. பிம்பிரி, போசரி, சிஞ்ச்வாடு தொழிற்சாலைகளுக்கு ஷிப்டு போகிறவர்கள், அலுவலகங்களுக்கு விரையும் குமாஸ்தாக்கள், வேலை தேடி வந்த வாலிபர்கள் என்று பலரும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள்.

இந்தப் பகுதியில் ரத்த தான முகாமுக்குக் குறைவில்லை. கணபதி விழா என்றாலும், தலைவர்கள் பிறந்த நாள் என்றாலும் பந்தல் போட்டுக் கட்டில்களை வரிசையாக வைத்துவிடுவார்கள். நம்மவர்களும் தயங்காமல் போய்க் கை நீட்டுகிறார்கள். பாராட்ட வேண்டிய காரியம்.

ஆனால், அந்த வரிசையில் இப்படி ஒரு வாலிபர் நிற்பதாக நினைத்துப் பாருங்கள். வயது இருபத்தெட்டு. உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு, வாரா வாரம் 'டெஸ்டோஸ்டிரோன்' ஊசி போட்டுக் கொள்கிறார். தோள் திரண்டுவிட்டது. கூடவே முகம் சிவக்கிறது, தலை கனக்கிறது. "ரத்தம் கெட்டியாகி இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்த தானம் செய்துவிடு, சரியாகிவிடும்" என்கிறார் அதே நண்பர்.

இந்த யோசனை சரியா?

ரத்தம் ஏன் கெட்டியாகிறது?

டெஸ்டோஸ்டிரோன் என்பது ஆண்களின் உடலில் இயற்கையாகவே சுரக்கும் ஹார்மோன். 1935-ம் ஆண்டில் விஞ்ஞானிகள் இதைப் பிரித்து எடுத்தார்கள். அதே ஆண்டில் செயற்கையாகத் தயாரிக்கவும் வழி கண்டார்கள். இந்தத் துறையில் உழைத்த பூட்டனான்ட், ருசிக்கா ஆகிய இருவருக்கும் 1939-ல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

உடலில் இது போதிய அளவு சுரக்காதவர்களுக்கு, டாக்டர்கள் இதை மருந்தாகக் கொடுக்கிறார்கள். பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும் திருநம்பிகளும் டாக்டர் மேற்பார்வையில் இதை எடுத்துக் கொள்கிறார்கள்.

தசையை வளர்ப்பதோடு இந்த ஹார்மோன் நின்றுவிடுவதில்லை. எலும்பு மஜ்ஜையைத் தூண்டிச் சிவப்பணுக்களை அதிகமாக உற்பத்தி செய்ய வைக்கிறது. உணவிலுள்ள இரும்புச் சத்தையும் உடல் கூடுதலாக இழுத்துக் கொள்ளும்படி செய்கிறது. பெண்களைவிட ஆண்களுக்குச் சிவப்பணுக்கள் அதிகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாதாரணமாக ஓர் ஆணின் ரத்தத்தில் சுமார் 40 முதல் 50 சதவீதம் சிவப்பணுக்கள் இருக்கும். இதை 'ஹெமட்டோக்ரிட்' என்பார்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'பி.சி.வி.' என்றும் போட்டிருப்பார்கள். ஊசி போடுகிறவர்களுக்கு இந்த அளவு ஏறக்கூடும். தோலில் தடவும் களிம்பைவிட ஊசியில் இந்த ஏற்றம் அதிகம்.

அளவு மிஞ்சினால் ரத்தம் குழாய்களில் தாராளமாக ஓடாது. உறையும் அபாயம் உண்டு. 2023-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், இருதய நோயோ அதற்கான வாய்ப்போ உள்ள 5,000-க்கும் மேற்பட்ட ஆண்களைக் கவனித்தார்கள். டாக்டர் மேற்பார்வையில் டெஸ்டோஸ்டிரோன் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு கூடவில்லை. ஆனால் நுரையீரலில் ரத்தக் கட்டி அடைப்பது சற்றுக் கூடுதலாக இருந்தது. மேற்பார்வை இருந்தே இப்படி. அளவே தெரியாமல் போட்டுக் கொள்கிறவர் கதி என்ன?

எரிவதைப் பிடுங்க வேண்டாமா?

ஒரு தடவை 450 மில்லி ரத்தம் கொடுத்தால் ஹெமட்டோக்ரிட் ஏறக்குறைய 3 புள்ளி குறையும். அதனால் தலை இலேசானது போலத் தோன்றலாம். ஆனால் அடுத்த வாரமும் ஊசி போட்டால் மஜ்ஜை சும்மா இருக்குமா? மறுபடியும் அளவு ஏறும். கனடா நாட்டில் டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக் கொண்டு ரத்தமும் கொடுத்து வந்தவர்களைப் பற்றி 2017-ல் ஓர் ஆய்வு வெளியானது. திரும்பத் திரும்ப ரத்தம் கொடுத்தும் கணிசமானவர்களுக்கு அளவு இறங்கவில்லை.

இன்னொரு நஷ்டமும் உண்டு. ஒரு தடவை கொடுக்கும் ரத்தத்தோடு 200 முதல் 250 மில்லிகிராம் இரும்புச் சத்து வெளியேறுகிறது. அதை ஈடு செய்யச் சில மாதங்கள் ஆகும். விடாமல் கொடுத்துக் கொண்டே இருந்தால், ஒரு பக்கம் ரத்தம் கெட்டி, மறு பக்கம் இரும்புச் சத்து பற்றாக்குறை என்ற விசித்திரமான நிலை வந்து சேரும். உடம்பு சோர்ந்து போகும்.

"எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும்" என்று நம் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். டாக்டர்கள் சொல்வதும் அதுதான். 2018-ல் அமெரிக்க ஹார்மோன் மருத்துவச் சங்கம் வெளியிட்ட நெறிமுறையின்படி, ஹெமட்டோக்ரிட் 54-ஐத் தாண்டினால் மருந்தை நிறுத்த வேண்டும். அளவு இறங்கிய பிறகு, தேவைப்பட்டால் குறைந்த அளவில் தொடங்க வேண்டும்.

சில நோயாளிகளுக்கு டாக்டரே ஆஸ்பத்திரியில் ரத்தத்தை வெளியே எடுப்பது உண்டு. அது சிகிச்சை. அளவு பார்த்து, காரணம் அறிந்து செய்வது. முகாமில் கொடுப்பது தானம். இரண்டையும் குழப்பிக் கொள்ளக் கூடாது.

முகாமில் தெரியாது!

"முகாமில்தான் ரத்தம் பரிசோதிக்கிறார்களே" என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டு விதிப்படி ரத்தம் கொடுப்பவருக்கு ஹீமோகுளோபின் 12.5 கிராமாவது இருக்க வேண்டும். நீல நிறக் கரைசலில் ஒரு சொட்டு ரத்தம் விட்டு, அது மூழ்குகிறதா என்று பார்ப்பது பழகிய முறை. ரத்தம் குறைவாக இருந்தால் அது காட்டிக் கொடுக்கும். அதிகமாக இருப்பதைக் காட்டாது. சொட்டு மூழ்கிவிட்டது என்பதால் எல்லாம் நலம் என்று நினைப்பது தவறு.

அந்த ரத்தம் யாருக்குப் போகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பிரசவத்தில் ரத்தம் இழந்த தாயாக இருக்கலாம். பச்சைக் குழந்தையாகவும் இருக்கலாம். ஜிம்மில் ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்து கொண்டிருந்தால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள் தொற்றும் அபாயம் உண்டு. தொற்றிய புதிதில் பரிசோதனையிலும் அது தப்பிவிடக் கூடும். ஊசியைப் பகிர்ந்து கொண்டவர் ரத்தம் கொடுக்கவே கூடாது. முகாமில் தரும் படிவத்தில் சாப்பிடும் மருந்தையும், போடும் ஊசியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

திருநம்பிகளுக்கு வேறொரு சங்கடம். வெளிநாட்டுக்காரர் சொல்லும் ரத்த தான யோசனையை அவர்கள் இங்கே பின்பற்ற நினைத்தாலும் வழி அடைபட்டது. 2017-ல் வெளியான அரசு நெறிமுறை, திருநர்களை ரத்தம் கொடுக்கக் கூடாதவர்கள் பட்டியலில் சேர்த்தது. அதை எதிர்த்து 2021-ல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போடப்பட்டது.

என்ன செய்யலாம்?

டாக்டர் சீட்டில்லாமல் டெஸ்டோஸ்டிரோன் விற்பது சட்ட விரோதம். டாக்டர் எழுதிக் கொடுத்து எடுத்துக் கொள்கிறவர்கள், தொடங்கும் முன்பும், பிறகு 3 முதல் 6 மாதத்துக்குள்ளும், அதன் பின் ஆண்டுக்கு ஒரு முறையும் ரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

தாமாகவே போட்டுக் கொள்கிறவர்கள், வெட்கப்படாமல் டாக்டரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். திடீரென்று தாமே நிறுத்தினாலும் சோர்வும் மனத் தளர்ச்சியும் வரக்கூடும். கல்யாணமான வாலிபர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும்: வெளியிலிருந்து இந்த ஹார்மோன் சேர்ந்தால் விந்தணு உற்பத்தி குறைந்து, குழந்தைப் பேறு தடைபடலாம்.

சிகரெட்டும், தூக்கத்தில் மூச்சு அடைக்கும் பலத்த குறட்டையும் ரத்தத்தைக் கெட்டியாக்கும். உலைக்கு அருகே வேலை செய்து தண்ணீர் குடிக்காமல் இருந்தாலும் அளவு கூடுதலாகக் காட்டும். மஜ்ஜையில் நோய் இருந்தாலும் இப்படி வரலாம். எது காரணம் என்று டாக்டர்தான் சொல்ல முடியும்.

கசார்வாடிக்கு அருகிலேயே, சந்த் துக்காராம் நகரில் மாநகராட்சியின் யஷ்வந்த்ராவ் சவாண் நினைவு ஆஸ்பத்திரி இருக்கிறது. இ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளிக்குச் சிஞ்ச்வாடு மோகன் நகரில் ஆஸ்பத்திரி உண்டு.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்குதல், கை கால் இழுத்துக் கொள்ளுதல் ஆகிய அறிகுறிகள் தென்பட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. ஊரில் பெற்றோர் எதிர்பார்ப்பது மணியார்டரோடு மகனின் நலத்தையும்தான்.

ரத்த தானம் செய்யுங்கள். உடல் நலமாக இருக்கும்போது, பிறர் உயிர் காக்கச் செய்யுங்கள். உங்கள் நோய்க்கு மருந்து டாக்டரிடம் இருக்கிறது. தானக் கட்டிலில் இல்லை.