யாரும் நம்பத்தக்கவரல்லர் எனத் தோன்றும்போது

தேர்தல் நெருங்குங்கால் அல்சூரிலும் சிவாஜிநகரிலும் தமிழன்பர் கூடுமிடத்தே தவறாமல் ஒரு பேச்சு எழும். நிற்பவர் எவரையும் நம்புவதற்கில்லை, பின் எதற்காக வரிசையில் கால்கடுக்க நிற்பது என்பதே அப்பேச்சு. பெங்களூர் மாநகரம் இவ்வினாவுக்குச் செயலாலேயே ஒரு விடை கூறியிருக்கின்றது. 2024 ஏப்ரல் 26இல் நடந்த மக்களவைத் தேர்தலில் நகரின் வடக்கு, மத்திய, தெற்குத் தொகுதிகளில் நூற்றுக்கு 55 பேர்கூட வாக்களிக்கவில்லை. அதே நாளில் மண்டியாவில் வாக்களித்தோர் 81 விழுக்காட்டைத் தாண்டினர். வராதோர் அனைவரும் அவநம்பிக்கையால் வரவில்லை என்பதற்கில்லை. அன்று வெள்ளிக்கிழமை, சனி, ஞாயிறு சேர்ந்த விடுமுறையின் ஈர்ப்பும் சற்று இருந்திருக்கலாம்.

வராமலிருப்பவரின் மனத்தை எவரும் அறிய முடியாது. சினமுற்றவரும் சோம்பியவரும் கணக்கில் ஒன்றாகவே எழுதப்படுவர். இக்குறையை நீக்க முன்னர் இருந்த வழி, 1961ஆம் ஆண்டுத் தேர்தல் விதிகளிலுள்ள 49-ஓ ஆகும். எழுத்தாளர் ஞாநி தமிழகத்தில் அதனை விடாது எடுத்துரைத்தார். ஆயின், அவ்விதிப்படி வாக்காளர் தாம் எவருக்கும் வாக்களிக்கவில்லை என்று அதிகாரியிடம் கூறிப் பதிவேட்டில் ஒப்பமிட வேண்டும். சுற்றி அமர்ந்திருக்கும் கட்சி முகவர் அனைவரும் காண்பர். இரகசியம் போய்விட்டபின் எளியவர் எவர் துணிவர்? இதனைச் சுட்டிக்காட்டியே, தமிழகத்தவரான தலைமை நீதிபதி பி. சதாசிவம் தலைமையிலான உச்ச நீதிமன்ற ஆயம் 2013 செப்டம்பர் 27இல் ‘நோட்டா’ என்னும் தனிப் பொத்தானை அமைக்கக் கட்டளையிட்டது.

அப்பொத்தானின் ஆற்றலைப் பலர் மிகைப்படுத்தி எண்ணுகின்றனர். மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் நடக்கும் தேர்தலில் அது முடிவை மாற்றாது. வைப்புத்தொகை இழப்பைக் கணக்கிடும்போதும் அது சேர்க்கப்படுவதில்லை. 2024இல் இந்தோரில் 2 லட்சத்து 18 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதனை அழுத்தினர். ஆயினும், போட்டியிட்டோருள் முதல்வந்தவரே வென்றார். எனவே அது சாட்சியமேயன்றித் தீர்ப்பன்று. சாட்சியம் கூறுவதும் மதிக்கத்தக்கதே. ஆனால் தீர்ப்பைப் பிறர் எழுதுவர் என்பதை உணர்ந்தே அதனைக் கூற வேண்டும். அப்பிறர் எத்துணைச் சிலராயிருத்தல் கூடும்? 2023இல் நம் ஜெயநகரில் 16 வாக்குகளே வெற்றியை முடிவு செய்தன. 2004இல் சாமராஜநகர் மாவட்டத்துச் சந்தேமரஹள்ளியில் ஒரே ஒரு வாக்கு!

ஆகவே, ‘நம்பத்தக்கவர் யார்?’ என்பதினும், ‘இவருள் எவர் வந்தால் பின்னர்த் திருத்திக்கொள்ள முடியாத தீங்கு நேரும்?’ என வினவுதல் பயன்தரும். பிரான்சு நாட்டில் 2002 மே மாதம் சிராக்கும் லெ பென்னும் இறுதிச் சுற்றில் எதிர்நின்றபோது, சிராக்கைச் சிறிதும் விரும்பாத இடதுசாரியினர் பெருந்திரளாக அவருக்கே வாக்களித்தனர். அவர் 82 விழுக்காடு பெற்றதன் பொருள் அவரை நாடே நேசித்தது என்பதன்று.

தீங்கை எடைபோட நமக்குக் கிடைத்துள்ள கருவி வேட்பாளரின் பிரமாணப் பத்திரம். அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகப் பேராசிரியர் சிலர் 1999இல் தொடங்கிய சங்கம் வழக்காடியதன் பயனாக இது கிட்டியது. அவருள் ஒருவரான திரிலோசன் சாஸ்திரி பின்னர்ப் பெங்களூர்க் கழகத்தில் பணிபுரிந்தார். நிலுவையிலுள்ள வழக்குகள், சொத்து, கடன், கல்வி யாவும் அதில் உண்டு. வழக்குகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து அஞ்சிவிடலாகாது. தடையை மீறி ஊர்வலம் சென்றவர்மீதும் வழக்குண்டு, மிரட்டிப் பணம் பறித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர்மீதும் வழக்குண்டு. நிலுவை வழக்கு குற்றத்தின் நிரூபணமும் அன்று. எப்பிரிவின்கீழ், நீதிமன்றம் குற்றச்சாட்டை வனைந்துவிட்டதா என்று நோக்க வேண்டும். முன்பே பதவியிலிருந்தவராயின், சென்ற தேர்தலில் தந்த பத்திரத்தையும் அருகில் வைத்துச் சொத்தின் வளர்ச்சியை ஒப்பிடலாம். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இவை கிடைக்கின்றன. ஆங்கிலமோ கன்னடமோ படிக்க இயலாத முதியோர், வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு படிக்கச்செய்து கேட்கலாம். வாக்குச்சாவடி வரிசையில் நிற்கும் நேரம்கூட இதற்கு ஆகாது.